பயத்தில் கொடுத்த அரிசி: அவசரகாலத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

லயத்துமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் படிப்பகத்தில் ஜூன் 16ஐ ஒட்டி ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஒரு கலந்துரையாடல் நடத்த முடிவு செய்திருக்கிறோம். அந்தத் தேதியை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 1948இல் அன்று காலை எல்பில் ரப்பர் தோட்டத்தில் மலாயா கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் வாக்கர் துரையைச் சுட்டார்கள். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் அல்லிசனையும் அவருடைய இளம் உதவியாளர் கிறிஸ்டியனையும் சுட்டார்கள். அவர்களை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தேர்வு எழுத இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைக்கு இது எப்படிப் போதும்? கொலை நடந்த தோட்டங்கள் அவர்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. அன்று காலை அந்தப் பக்கத்து வெளிக்காட்டில் மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் நம்முடைய பாட்டன் பாட்டிமார். பாடநூலில் துரைமார் இருக்கிறார்கள், காட்டில் இருந்த கெரில்லாக்கள் இருக்கிறார்கள், சிப்பாய்கள் இருக்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எங்கே?

என் பாட்டி ஒரு நாள் நள்ளிரவில் கதவைத் தட்டிய மூன்று பேருக்கு அரிசி கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கொடுத்தது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். படுத்த படுக்கையான பிறகுதான் என் அம்மாவிடம் இதைச் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அவர் யார் பக்கம் நின்றார்? ஒருவன் ஏன் துப்பாக்கியைத் தூக்குகிறான், இன்னொருவன் ஏன் வாயை மூடிக்கொள்கிறான், மூன்றாமவன் ஏன் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்கிறான்? இந்தக் கேள்விகளைத்தான் பிள்ளைகள் முன் வைக்க விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வு சார்ஜன் எழுதியது:

முயற்சி நல்லது, அம்மா. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். காட்டில் இருந்தவர்களை வீரர்களாக்கிப் பேசும் பழக்கம் இப்போது இளைஞர்களிடம் வந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். துரைமார் அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் மரம் சீவியவர்கள், கடைக்காரர்கள், தண்டல்மார், கிராமத்தார். அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துக் கூலிக்காரனின் வயிற்றில் அடித்தார்கள். இதையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது 1948இல் நடந்ததல்ல. 2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, நம் கோலகங்சார் மாவட்டத்திலேயே சாவுக்கில் நடந்தது. அல் மவுனா என்ற கும்பல் இராணுவ அதிகாரிகள் போல உடை போட்டுக்கொண்டு, திடீர்ச் சோதனைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, கிரிக் பக்கத்து முகாம்களில் நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. புக்கிட் ஜெனாலிக் குன்றில் நான்கு பேரைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். அவர்களில் இருவரைக் கொன்றார்கள். ஒருவர் இராணுவ வீரர் மேத்யூ மேடான். மற்றவர் காவல்துறையின் உளவுப் பிரிவான சிறப்புப் பிரிவைச் சேர்ந்த சகாதேவன். நம் இனத்துப் பிள்ளை, நம் நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர். அந்த நாட்களில் நான் சாலைத் தடுப்பில் நின்றேன். நம் ஊர் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? உளவு வேலை என்றாலே காட்டிக்கொடுப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உளநூல் எழுதியது:

சார்ஜன் ஐயா சொன்ன சாவுக் சம்பவத்தை நான் வகுப்பில் எடுப்பதுண்டு. நான் உளவியல் கற்பிக்கிறேன். வீடு இந்த ஊர்தான்.

அல் மவுனா தலைவர் முகமட் அமின் முன்பு இராணுவத்தில் சாதாரண வீரராக இருந்தவர். அவரிடம் சேர்ந்தவர்கள் சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை பழக வந்தவர்கள், உடலில் ஆயுதம் ஏறாது என்ற வித்தையை நம்பி வந்தவர்கள். நாளிதழில் அவர்கள் படத்தைப் பார்த்த பலர் 'பைத்தியக்காரர்கள்' என்றார்கள். அப்படிச் சொல்வது நமக்கு ஆறுதல். ஆனால் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மார்த்தா கிரென்ஷா 1981லேயே எழுதிவிட்டார்: பயங்கரவாத இயக்கங்களில் இருப்பவர்களிடம் பொதுவாகக் காணப்படும் மனநோய் என்று ஒன்றும் கிடையாது, அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். மார்க் சேஜ்மன் மனநல மருத்துவர், சிஐஏவில் வேலை பார்த்தவர். அல் காய்தா வட்டத்தைச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தார். கொள்கையைப் படித்து மனம் மாறித் தனியாக வந்து கதவைத் தட்டியவர்கள் அதில் குறைவு. நண்பன் போனான், மைத்துனன் போனான், கூடவே போனார்கள். கொள்கைப் பிடிப்பு பலருக்குச் சேர்ந்த பிறகே முற்றியது.

இதை 1948க்குக் கொண்டு போவோம். தோட்டக் கூலி போதவில்லை, ஜப்பான்காரன் காலத்துப் பட்டினியும் சயாம் ரயில்பாதைச் சாவுகளும் நெஞ்சில் ஆறவில்லை, சங்கம் வைத்துக் கேட்டார்கள். அந்த ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை அரசு தடை செய்தது. அதன் தலைவராக இருந்த கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பேசும் வாசலை அடைத்துவிட்டால் சிலர் காட்டு வழியைப் பிடிப்பார்கள் என்பது உண்மை.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம்தான் கிடைக்கும். அதே லயம், அதே கூலி, அதே கோபம். போனவர்கள் மிகச் சிலர். ஆயிரக்கணக்கானவர்கள் போகவில்லை. கோபத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்த ஆயிரக்கணக்கானவர்களை விளக்கவே முடியாது. ஒருவன் எந்த வீட்டில் சாப்பிட்டான், யாரோடு இரவில் பேசிக்கொண்டிருந்தான், யாருக்கு முன் தலைகுனிய வெட்கப்பட்டான் என்பதைப் பார்க்க வேண்டும்.

செம்பனைத் தம்பி எழுதியது:

அண்ணன் எழுதியதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. எனக்குக் கம்யூனிஸ்ட்டும் தெரியாது, அல் காய்தாவும் தெரியாது. ஆனால் 'நண்பன் போனான், கூடவே போனார்கள்' என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. டவுன் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். தோட்டத்தில் கோவில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டு வேலை சொல்லப் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. கூப்பிட்டவர்கள் கும்பல்காரர்கள்.

முதலில் பணம் கேட்கவில்லை, ஆயுதம் கொடுக்கவில்லை. ஒருநாள் என் தங்கையை ஒருவன் கிண்டல் செய்தான். மறுநாள் அவன் வந்து மன்னிப்புக் கேட்டான். யார் சொல்லி வந்தான் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கடன்பட்டவன். என்னோடு இருந்த இருவர் இன்று சிறையில். நான் செம்பனை லாரி ஓட்டுகிறேன். மாமா ஒருவர் விடாப்பிடியாக என்னைக் குவாந்தானுக்கு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதால்தான் தப்பித்தேன். எனக்குப் புத்தி வந்து விலகினேன் என்று சொல்ல முடியாது.

அதனால் அக்கா, 1948ஐப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். நம் பையன்களை இழுப்பது வெடிகுண்டு அல்ல என்றாலும் இழுக்கும் கை ஒன்றுதான்.

வாவிக்கரை எழுதியது:

நான் மட்டக்களப்பில் பிறந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறுப் பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர்கள் செத்தார்கள். நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர். அன்று நான் இங்கே அடுப்படியில் நின்றபடி தொலைபேசியில் ஒவ்வொரு வீடாக அழைத்துக்கொண்டிருந்தேன்.

உளவுத் தகவல் இல்லாமல் அது நடக்கவில்லை. ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. தேவாலயங்கள் இலக்கு என்று இருந்தது, தாக்குதல் கும்பலின் தலைவன் சஹ்ரான் பெயரும் இருந்தது. அதற்கும் முன்பே காத்தான்குடி முஸ்லிம் மக்கள் அவனைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் பள்ளிவாசலிலேயே அவனை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். கேட்க வேண்டிய காது கேட்கவில்லை. ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரோடொருவர் பேசாத காலம் அது. பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரைக் கூப்பிடுவதில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பணத்தைக் கட்டினார்கள். பிள்ளைகள் வருவார்களா?

குண்டு வெடித்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? எச்சரித்த அதே சமூகத்தின் கடைகளை எரித்தார்கள், வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்?

ஓய்வு சார்ஜன் எழுதியது:

சகோதரிக்கு என் அனுதாபங்கள். நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தையும் மறுக்க மாட்டேன். காவல்துறையின் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். எச்சரிக்கை ஒன்றே ஒன்று வந்தால் யாரும் கவனிப்பார்கள். மேசைக்கு நூறு வரும். அவற்றில் தொண்ணூறு பகை. கங்காணிக்கும் கிராணிக்கும் சண்டை, அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு, கடன் கொடுத்தவனை உள்ளே தள்ள ஆசை. அவசரகாலத்தில் பெருந்தொகைச் சன்மானம் அறிவித்த காலத்தில் இது இன்னும் அதிகம் என்று எனக்கு மூத்தவர்கள் சொல்வார்கள். நூறில் எது உண்மை என்று பிரிப்பதுதான் இந்தத் தொழில். நடந்து முடிந்த பிறகு எல்லாருக்கும் அது தெளிவாகத் தெரிகிறது.

உளநூல் எழுதியது:

ஐயா சொன்னதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

50,000 பேர் வாழும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையிலேயே ஆபத்தானவர்கள் 5 பேர். ஆளைப் பார்த்து 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது, கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து பேரையும் அது காட்டிவிடும். மீதி 49,995 பேரில் ஒரு விழுக்காட்டைத் தவறாகக் காட்டும். அதாவது ஏறத்தாழ 500 பேர். மொத்தம் 505 பேரைப் பிடித்து உள்ளே வைத்தால் 500 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். அந்த 500 பேருக்கும் அம்மா, தம்பி, மச்சான் இருக்கிறார்கள்.

தேடப்படும் ஆள் அரிதாக இருக்கும்வரை எவ்வளவு கூர்மையான வலையாக இருந்தாலும் இதுதான் கதி. 'இப்படிப்பட்ட முகம், இப்படிப்பட்ட மதம், இப்படிப்பட்ட வறுமை' என்று அடையாளம் வைத்துப் பிடிப்பது ஏன் பயன்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

சரியான தகவல் கையில் இருந்தும் தவறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ரிச்சர்ட்ஸ் ஹோயர் என்ற முன்னாள் சிஐஏ ஆய்வாளர் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். மனத்தில் முதலில் விழுந்த படத்தை விட்டுவிட நமக்கு மனம் வராது, பிறகு வரும் தகவலையெல்லாம் அந்தப் படத்துக்குள் திணிப்போம் என்றார். 1973இல் இஸ்ரேல் இப்படித்தான் ஏமாந்தது. எகிப்துப் படை சூயஸ் கால்வாய்க் கரையில் குவிவதைக் கண்ணால் பார்த்தார்கள். விமான பலம் சேராமல் எகிப்து போருக்கு வராது என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்ததால் 'பயிற்சி' என்றார்கள். நம் நாட்டிலும் 2024 மே 17ஆம் தேதி ஊலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டபோது முதலில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத இயக்கத்தின் வேலை என்றார்கள். சில நாட்களில், தாக்கியவன் தனியாகச் செயல்பட்டவன் என்றார் உள்துறை அமைச்சர். முதல் ஊகத்தை மாற்றிக்கொள்ள முடிந்ததே, அதை நான் பாராட்டுகிறேன். ஹோயர் சொன்ன மருந்து எளியது: நான் நினைப்பது சரி என்று காட்டும் சான்றைத் தேடாதே, தவறு என்று காட்டக்கூடிய சான்றைத் தேடு. பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வரும்போதும் இதே மருந்து வேலை செய்யும்.

பேராக் ஆறு எழுதியது:

எல்லாரும் வெளிநாட்டுக் கதை பேசுகிறீர்கள். நான் நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லிச் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அந்த இயக்கம் 2009இல் முள்ளிவாய்க்காலோடு முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்குகளைக் கைவிட்டார். வழக்கு முடிந்தது. நம் ஊரில் அது முடியவில்லை.

அந்த அக்டோபரில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், என்ன நடந்தது என்று சொல்கிறேன். பலர் கைப்பேசியிலிருந்த படங்களை அழித்தார்கள். மாவீரர் நாளன்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்ட குடும்பம் ஒன்று சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் எரித்தது. அதில் இருந்தது ஒரு படம், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துப் பெரியவர் குடியிருப்புச் சங்கத்தில் இருந்தவர். பையன்கள் சண்டை போட்டால் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். அன்றிலிருந்து அவர் யாருக்கும் அழைப்பதில்லை. எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் திருடு போனபோது திருடனைப் பார்த்தவர் அவர். வாய் திறக்கவில்லை.

சார்ஜன் ஐயா, 12 பேரைப் பிடித்துக் காவல்துறை என்ன தகவலைப் பெற்றது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எதை இழந்தது என்று தெரியும்.

ஓய்வு சார்ஜன் எழுதியது:

தம்பி, 2014 நவம்பரிலேயே அந்த இயக்கம் இந்நாட்டில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. பட்டியலில் இருப்பதை விசாரிக்காமல் விட்டால் பிறகு நீங்களே கேள்வி கேட்பீர்கள். சொஸ்மாவில் பிடித்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் 28 நாள் வரை வைத்திருப்பது ஏன் என்று கேட்கிறார்கள். ஓர் ஆளைப் பிடித்து மறுநாளே நீதிமன்றத்தில் நிறுத்தினால் அவனோடு இருக்கும் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள், தகவல் கொடுத்தவர் யார் என்று வெளியே தெரிந்துவிடும், அவர் உயிர் போகும். இது கதையல்ல.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. பயங்கரவாதத்துக்கு என்று 2012இல் கொண்டுவந்த சட்டத்தைக் கும்பல் வழக்குகளுக்கும் சரளமாகப் பயன்படுத்துவது காவல்துறைக்கே கெடுதல். துப்பறியும் உழைப்பு மழுங்கிவிடும். ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு சான்று தேடும் பழக்கம் வந்துவிட்டால், சான்று தேடி ஆளைப் பிடிக்கும் திறமை போய்விடும். நான் வேலை கற்ற காலத்தில் எங்கள் அதிகாரி தகவல் சொல்ல வந்தவரை உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, அவர் வீட்டு விஷயம் முழுவதையும் கேட்ட பிறகே வழக்குக்கு வருவார்.

லயத்துமகள் எழுதியது:

சார்ஜன் ஐயா, அந்தத் தேநீரைப் பற்றி மாணவர்களிடம் நீங்களே வந்து சொல்ல வேண்டும்.

பேராக் ஆறு எழுதியதைப் படித்ததும் எனக்கு மீண்டும் பாட்டியின் நினைவு. அம்மா சொல்லக் கேட்டதை இங்கே எழுதுகிறேன். லயங்களை ஓரிடத்தில் கூட்டிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியும் முன் வேலிக் கதவடியில் வரிசை. பெண்களைத் தடவிச் சோதிக்கப் பெண் காவலர் நிற்பார். பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள், சைக்கிள் பம்பைப் பிரிப்பார்கள். சோற்றை வெளிக்காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆகையால் விடியற்காலையில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டு மரம் சீவப் போய், பகல் பொழுது வரை பட்டினியாக வேலை செய்துவிட்டு வர வேண்டும். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் இரண்டு துளை போட்டுத்தான் கொடுப்பார், காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிட வேண்டும் என்பதற்காக. என் அம்மா அப்போது கைக்குழந்தை. துளையிட்ட டின்னில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டில் வைத்து, பழைய துணியால் மூடி, இரவெல்லாம் விழித்துப் பார்த்திருக்கிறார் பாட்டி.

கெரில்லாக்களுக்கு ஊரிலிருந்து உணவும் உதவியும் போகாமல் தடுக்கப் போட்ட பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்த்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். அந்தத் திட்டம் வென்றது என்றுதான் உலகம் முழுவதும் இராணுவக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றதையும் அந்தப் பாடத்தில் சேர்க்கிறார்களா?

உளநூல் எழுதியது:

சேர்க்க வேண்டும். தஞ்சோங் மாலிமையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1952 மார்ச்சில் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கி 12 பேரைக் கொன்ற பிறகு மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊரையே திட்டித் தீர்த்தார். ஒரு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கையும் குறைத்தார். பிறகு வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்து, பெயர் போடாமல் தெரிந்ததை எழுதச் சொன்னார். பூட்டிய பெட்டிகளில் வாங்கி, கோலாலம்பூரில் தன் மாளிகையில் ஊர்ப் பிரதிநிதிகள் பார்க்கத் தானே திறந்தார். இதில் தண்டனை வேலை செய்ததா, பெட்டி வேலை செய்ததா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கருத்து பெட்டிதான். பட்டினி போட்டதால் யாரும் அன்பாகிவிடவில்லை. ஆனால் 'நான் சொன்னது யாருக்கும் தெரியாது' என்ற உறுதி முதல் முறையாக அந்தப் பெட்டியில் கிடைத்தது. சொன்னால் காட்டிலிருந்து வந்து கழுத்தை அறுப்பார்கள் என்ற பயம்தான் அதுவரை வாயைக் கட்டியிருந்தது.

லாய் தெக் பற்றியும் சொல்லலாம். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராகவே இருந்துகொண்டு பிரிட்டிஷாருக்கும் பிறகு ஜப்பானியருக்கும் உளவு சொன்னவர். 1942 செப்டம்பரில் பத்துமலையில் கூடிய தோழர்கள் ஜப்பானியரிடம் மாட்டிச் செத்தது அவர் காட்டிக்கொடுத்ததால். 1947இல் வெளிப்பட்டுக் கட்சிப் பணத்தோடு ஓடினார். அவருக்குப் பின் வந்த சின் பெங்குக்கு அப்போது வயது இருபதுகளில். தலைவனே துரோகி என்று தெரிந்த ஓர் இயக்கத்தின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். யாரையும் நம்பாது, ஆயுதத்தை மட்டும் நம்பும். இரகசியத்தில் வாழும் எந்த அமைப்புக்கும் இந்த நோய் உண்டு. அரசின் உளவுத்துறைக்கும் உண்டு.

வாவிக்கரை எழுதியது:

உளநூல் அண்ணா, விலகி வந்தவர்களைப் பற்றியும் ஏதாவது சொல்லுங்கள். என் சித்தி மகன் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவன்.

உளநூல் எழுதியது:

போருக்குப் பின் இலங்கையில் சுமார் 12,000 முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்தார்கள். ஆரி குருக்லான்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு அவர்களை ஆய்வு செய்தது. தொழில் கற்று, மதிப்போடு நடத்தப்பட்டு, 'நானும் ஒரு மனிதன்' என்ற உணர்வு திரும்பியவர்களிடம் ஆயுதப் போராட்டத்துக்கான ஆதரவு குறைந்தது என்று எழுதினார்கள். செம்பனைத் தம்பியின் குவாந்தான் வேலையும் எனக்கு இதையே சொல்கிறது.

வாவிக்கரை எழுதியது:

தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், அது உண்மை. அவன் இன்று அதைச் செய்துதான் பிழைக்கிறான். ஆனால் வேலிக்குள் இருப்பவனிடம் தாளைக் கொடுத்து 'இன்னும் ஆயுதத்தை ஆதரிக்கிறாயா' என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? வெளியே வந்த பிறகும் மாதாமாதம் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை அதனாலேயே முறிந்தது. மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது என்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும். அவன் ஆயுதத்தைத் துறந்தான். தன் நிலம் போன துயரத்தை அவன் துறக்கவில்லை, துறக்கத் தேவையும் இல்லை.

உளநூல் எழுதியது:

நீங்கள் சொல்லும் குறையை நான் ஏற்கிறேன். ஜான் ஹோர்கன் என்பவர் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: வன்முறையிலிருந்து விலகுவது ஒன்று, நம்பிக்கை மாறுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதில்லை. அரசு முதலாவதைக் கேட்கலாம். இரண்டாவதை மிரட்டி வாங்க முடியாது.

ஓய்வு சார்ஜன் எழுதியது:

நான் வருகிறேன், அம்மா. ஒரு நிபந்தனை. சகாதேவனையும் மேத்யூவையும் பற்றிப் பேசித்தான் தொடங்குவேன். அதற்குப் பிறகு உங்கள் பாட்டியைப் பற்றிப் பேசுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். அவரை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிலர் பிழைத்திருக்கலாம் என்ற கேள்வியையும் பிள்ளைகள் முன் வைப்பேன். அதைத் தவிர்க்கச் சொன்னால் வர மாட்டேன்.

லயத்துமகள் எழுதியது:

தவிர்க்க வேண்டாம், ஐயா. அந்தக் கேள்விக்கு எதிரில் என் கேள்வி ஒன்றும் இருக்கும்: அன்று அவர் நம்பிச் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆள் அந்தத் தோட்டத்தில் இருந்தாரா? இரண்டையும் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பேசட்டும்.

பேராக் ஆறு, நீங்களும் வர வேண்டும். உங்கள் தாமான் பெரியவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உளநூல் அண்ணன் அந்த 50,000 பேர் கணக்கை எடுத்து வரவும்.

செம்பனைத் தம்பி எழுதியது:

அக்கா, பள்ளியை விட்டுவிட்ட பையன்கள் வரலாமா? மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள் என் தெருவில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். போலீஸ்காரர் வருகிறார் என்று தெரிந்தால் வரத் தயங்குவார்கள்.

லயத்துமகள் எழுதியது:

கட்டாயம் வரலாம். சார்ஜன் ஐயா வருவதை முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள், மறைத்துக் கூட்டி வர வேண்டாம். வருகைப் பதிவேடு வைக்க மாட்டோம், படம் எடுக்க மாட்டோம். மாலை ஐந்து மணி, படிப்பகத்து மாடி. சாப்பாடு உண்டு.